பங்குனியில் திரும்பும் பறவைகளுக்கும் நாளிதழில் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறந்ததும் ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்துவிட்டன என்ற செய்தியை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வண்ணப்படத்தோடு காண்கிறோம். பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் இருப்பதற்கு அத்தகைய செய்திகளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். ஆனால் தை முடிந்ததும் பறவைகளைப் பற்றிய பேச்சு அடியோடு நின்றுவிடுகிறது. வந்தவை எப்போது திரும்பின, எந்த இனம் எந்த வாரம் வரை தங்கியது, திரும்பும் வழியில் புதிதாக எவை இறங்கிச் சென்றன என்பவற்றைச் சொல்லும் ஒரு வரிச் செய்திகூடக் கண்ணில் படுவதில்லை. மாசி முதல் வைகாசித் தொடக்கம் வரை, வாரத்தில் ஒரு நாள், கடலூர், புதுச்சேரி வட்டார மக்கள் கண்ட பறவைகளின் விவரத்தை வெளியிடத் தங்கள் நாளிதழில் சிறிய இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த மாதங்களைக் குறிப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மார்கழியில் நாம் காணும் கரையோரப் பறவைகளில் பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாக, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாதபடி இருக்கும். பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் சேற்றில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, எல்லாம் உள்ளான் என்று சொல்லி நகர்ந்துவிடுவது இதனால்தான். பங்குனி பாதியைத் தாண்டியதும் அதே பறவைகள் இறகு மாற்றி, இணைசேரும் காலத்துக்குரிய நிறத்துக்கு வந்துவிடுகின்றன. நுனி வளைந்த மூக்கையுடைய உள்ளான் ஒன்று, குளிர்காலம் முழுவதும் வெள்ளை வயிறும் சாம்பல் முதுகுமாகத் திரிந்தது, சித்திரையில் முகம் முதல் வயிறு வரை செங்காவி நிறத்தில் நிற்கும். கருவால் மூக்கனின் கழுத்திலும் மார்பிலும் செம்மை ஏறும். பொன்னிற உப்புக்கொத்திக்கு முகமும் வயிறும் கறுத்து, முதுகில் பொற்புள்ளிகள் தெளியும். மீசை ஆலாவுக்குத் தலை கறுத்து, கன்னத்தில் வெள்ளைக் கோடு துலங்குவதும் இப்போதுதான். அதன் பெயரில் உள்ள மீசை எது என்று குளிர்காலத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்காது.

கடலூர் உப்பனாற்றின் கழிமுகத்தை ஒட்டிய சேற்றுத்திட்டில், ஓதம் வடியும் நேரமாகப் பார்த்து, வெயில் முதுகில் விழும்படி நின்றுகொண்டால் இந்த மாற்றம் பாதி நடந்துகொண்டிருப்பதையே காணலாம். பைனாகுலரில் ஒரே ஒரு பறவையைச் சிறிது நேரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். மார்பில் புதிதாக முளைத்த செந்நிற இறகுகள் திட்டுத்திட்டாக இருக்கும். இடையிடையே உதிராத பழைய சாம்பல் இறகுகள் ஓரம் தேய்ந்து, வெளிறித் தெரியும். அந்தப் பறவை தலை நிமிர்வதே அரிது. மூக்கைச் சேற்றில் பலமுறை குத்தி எடுத்து, ஓரடி நகர்ந்து, மறுபடியும் குத்தும். நெடுந்தொலைவு பறக்க வேண்டிய சில கரையோர இனங்கள் புறப்படுவதற்கு முன் தம் எடையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக்கொள்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வழிநெடுகச் செலவழிக்க வேண்டிய கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்ளும் இடம் இந்தச் சேறுதான் என்பதால், பங்குனியில் அங்கே நாய் விரட்டுவதும், படம் எடுக்க நெருங்கி ஓடுவதும் மார்கழியில் செய்வதைவிடப் பெருந்தீங்கு.

அரிய பறவையைத் தேடுகிறவர்களுக்கும் இதுவே உரிய காலம். நம் வட்டாரத்துக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். நம் கடற்கரைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் பெரிய மணல் உப்புக்கொத்தி என்ற பறவை, அறிவியல் உலகுக்கு முதன்முதலில் அறிமுகமானது புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். 1816-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து, புதுச்சேரியில் தாவரவியல் தோட்டப் பணியை நடத்திய லெஷெனோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் பெயரையே 1826-இல் அதற்கு இட்டார்கள். வயல்வெளியில் கத்தும் கவுதாரிக்கும், தோப்புகளில் வாழும் காட்டுக் கீச்சான் ஒன்றுக்கும் 1789-இல் சூட்டப்பட்ட அறிவியல் பெயர்களில் புதுச்சேரியே இருக்கிறது: பாண்டிசெரியானஸ். உலகப் பறவையியலில் இவ்வளவு பழைய இடம் பெற்ற ஊரில், அதே பறவைகள் இன்று எந்த வாரம் வருகின்றன, எந்த வாரம் போகின்றன என்பதை ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு பொது ஏடு இல்லாதது பெருங்குறை.

பெரிய மணல் உப்புக்கொத்தியோடு சிறியதும் கலந்து நிற்கும். பெரியதன் மூக்கு நீண்டு தடித்திருக்கும். காலும் சற்று நீளம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் குளிர்காலத்தில் உறுதியாகச் சொல்ல முடியும். சித்திரையிலோ சிறியதற்கு மார்பில் அகன்ற செம்பழுப்புப் பட்டையும் பெரியதற்குக் குறுகிய பட்டையும் தோன்றிவிடுவதால் வேலை எளிதாகிறது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இதுவரை ஒரே இனமாகக் கருதப்பட்டுவந்த சிறிய மணல் உப்புக்கொத்தியை அண்மை ஆண்டுகளில் திபெத்திய இனம், சைபீரிய இனம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் நாட்டுக்கு வழக்கமாக வருவது இமயத்துக்கு அப்பாலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டும் திபெத்திய இனம். சைபீரிய இனம் கிழக்கு ருசியாவில் கூடு கட்டி, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை செல்வது. இவ்விரண்டையும் குளிர்கால நிறத்தில் வேறுபடுத்துவது கைதேர்ந்தவர்களுக்கும் கடினம். இளவேனில் நிறத்தில் திபெத்தியப் பறவையின் நெற்றி ஏறத்தாழ முழுக் கறுப்பாக இருக்கும். சைபீரியப் பறவைக்கு நெற்றி வெள்ளையாகி, நடுவில் கருங்கோடு ஓடும், தொண்டை வெள்ளைக்கும் மார்புச் செம்மைக்கும் நடுவே மெல்லிய கருவரையும் இருக்கும். எங்காவது வழிதவறிய சைபீரியப் பறவை ஒன்று தேவனாம்பட்டினத்திலோ அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்திலோ நின்றாலும், பங்குனி, சித்திரையில் அங்கே ஒருவர் நின்று ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தால்தான் அது தெரியவரும். எல்லாரும் தை மாதத்தோடு பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிட்டால் தெரியாது.

இன்னொன்றும் இதைப் போன்றதே. வெறும் மணலில் முட்டையிடும் சிற்றுப்புக்கொத்தி ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. அதை வடக்கிலிருந்து வரும் இனத்தின் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். அது தனி இனம் என்பதை 2023-இல் வெளியான ஆய்வு நிறுவியது. இராமர் பாலத்தை நினைத்து அதற்கு அனுமன் பெயரையும் வைத்தார்கள். வடக்கிலிருந்து வருவது சித்திரைக்குள் போய்விடும். அதற்குப் பிறகும் நம் மணலில் ஓடியாடித் திரியும் உப்புக்கொத்தி எது என்று தாழங்குடா முதல் பரங்கிப்பேட்டை வரையுள்ள கடற்கரையில் நடப்பவர்கள் கவனித்துச் சொன்னால், அது உண்மையான புதுச்செய்தியாக இருக்கும்.

ஏரிகளில் வேறு கதை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து ஆகியவை கரையோரப் பறவைகளுக்கு முன்பே கிளம்பத் தொடங்கிவிடும். ஏரி நீர் வற்றி ஓரச் சேறு வெளிப்படும்போது, வாத்துகள் விட்ட இடத்தைப் பொறி உள்ளானும் பேதை உள்ளானும் பிடித்துக்கொள்ளும். இது எந்த வாரத்தில் நடக்கும் என்பது அவ்வாண்டு மழையைப் பொறுத்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, பெண்ணையாறு பெருகி ஓடியதை நாம் மறக்கவில்லை. அவ்வளவு நீர் தங்கிய ஆண்டில் சேறு தெரிவது தள்ளிப்போகும். மழை பொய்த்த ஆண்டில் முந்திக்கொள்ளும். ஆகவே ஓராண்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும், வாரந்தோறும் எழுதி வைத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

தோப்புகளையும் மறந்துவிடக் கூடாது. இளவேனிலில் மரங்களைப் பார்க்காமல் ஏரியை மட்டும் பார்ப்பது பாதிப் பார்வைதான். நிழலான மாந்தோப்பிலும் முந்திரிக் காட்டிலும் கோயில் நந்தவனத்திலும் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆறுமணிக்குருவி, வடக்கே புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் விடியலிலும் அந்தியிலும் ஓயாமல் குரல் கொடுக்கும். பச்சை முதுகும், தோளில் பளிச்சிடும் நீலமும், வால் அடியில் சிவப்புமாக இருந்தாலும், சருகைப் புரட்டியபடி தரையோடு தரையாக இருப்பதால் கண்ணில் படாது. அந்த இரட்டைச் சீழ்க்கையை வைத்தே அது இருப்பதை அறிகிறோம். ஒரு தோப்பில் அக்குரல் கடைசியாகக் கேட்ட நாளைத் தேதியோடு எழுதியனுப்ப, பைனாகுலரும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில், கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான் ஆகியவையும் இதே நாட்களில்தான் விடைபெறுகின்றன. கல்யாண முருங்கையும் இலவமும் பூக்கும்போது கூட்டமாக வந்து மொய்க்கும் சூறைக்குருவிகள் நடு ஆசியப் புல்வெளிகளுக்குப் போய், அங்கே வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு வளர்ப்பவை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே, அத்தகைய பேரழிவுக்கு முன்னும் பின்னும் ஒரே தோப்பில் யாரேனும் எழுதி வைத்த குறிப்புகள் இருந்தால்தான் அங்கே வந்துகொண்டிருந்த பறவைகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடியும்.

இவ்விடத்தில் நாளிதழ்களிடம் உரிமையோடு ஒரு வேண்டுகோள். மார்கழிச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரு பிழை வருகிறது. சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் நம் ஏரிகளுக்கு வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளோடு திரும்பிச் செல்கின்றன என்று எழுதுகிறார்கள். உண்மை அதுவன்று. வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. அவை உணவுக்காக வருகின்றன. முட்டையிடுவது தம் வடநாட்டுத் தாயகத்தில். நம் மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் ஆகியவை நம் நாட்டிலேயே வாழும் பறவைகள். மழைக்கும் நீருக்கும் ஏற்ப ஊர்விட்டு ஊர் செல்லுமே தவிர, கடல் கடந்து வந்த விருந்தாளிகள் அல்ல. பூநாரைகூடக் குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பில் பெருந்தொகையாகக் கூடு கட்டும் பறவைதான். இந்தப் பிழை சிறியதாகத் தோன்றலாம், விளைவு பெரியது. எல்லாமே வெளிநாட்டுப் பறவை, தானாக வரும், தானாகப் போகும் என்ற எண்ணம் மக்களிடம் பதிந்துவிட்டால், கூடுள்ள மரத்தை வெட்டுவதைத் தட்டிக்கேட்க யாருக்கும் தோன்றாது. இளவேனிலில் வாரந்தோறும் செய்தி வந்தால், எவை போயின, எவை இங்கேயே தங்கிக் கூடு கட்டுகின்றன என்பது வாசகர்களுக்குத் தானாகவே தெளிந்துவிடும்.

அரிய பறவையைக் காண வேண்டும் என்ற ஆவல் நல்ல ஆவல்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கோ ஓர் அரிய பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வண்டி எடுத்துக்கொண்டு ஓடி, படம் எடுத்துத் திரும்புவதைத் தேடல் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஏரியையோ குளத்தையோ வாரந்தோறும் பார்த்து, அங்குள்ள கொசு உள்ளானையும் நெடுங்கால் உள்ளானையும் நன்கு பழகியவருக்குத்தான், வேறுபட்ட ஒன்று வந்து நிற்கும்போது கண் சட்டென்று நிற்கும். சாதாரணப் பறவையில் பழகாத கண்ணுக்கு அரிய பறவை எதிரே நின்றாலும் தெரியாது.

உள்ளூர்க்காரர்களின் அறிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1848-இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, 1900-க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்ட ஜெர்டன் கோர்சர் என்ற பறவை, 1986 ஜனவரியில் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் மீண்டும் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவையின் படத்தை ஊர் ஊராகக் காட்டி விசாரித்தார்கள். இரவில் விளக்கொளியில் அதைக் கையால் பிடித்துக் கொண்டுவந்தவர் ஐத்தண்ணா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். நம் பகுதியிலும் வயலில் வாத்து மேய்ப்பவர்கள், கழியில் வலை வீசுபவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவர்கள் ஆகியோர் எங்களைப் போன்ற விடுமுறை நாள் பார்வையாளர்களைவிடப் பறவைகளின் போக்குவரவை நன்கு அறிந்தவர்கள். அவர்களிடம் தங்கள் நிருபர்கள் போய்க் கேட்டால், இதுவரை எந்த ஏட்டிலும் ஏறாத செய்திகள் கிடைக்கும். தாம் கண்டதைச் சொல்ல அவர்களுக்கு ஓரிடம் வேண்டும்; அந்த இடம் தமிழில் இருக்க வேண்டும்.

வெளியிடும் குறிப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி என் கருத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். தேதி, நேரம், ஊர், எவ்வளவு நேரம் பார்த்தோம், ஒவ்வோர் இனத்திலும் ஏறத்தாழ எத்தனை, இவ்வளவு இருந்தால் போதும். அரியது மட்டுமே வேண்டும் என்று வாசகர்களிடம் கேட்கக் கூடாது. கேட்டால் சாதாரணப் பறவைகளைப் பற்றி எவரும் எழுதமாட்டார்கள், சில ஆண்டுகளில் அவை குறைந்தாலும் நமக்குத் தெரியாமற் போகும். போன வாரம் இருந்தது, இந்த வாரம் இல்லை என்பதும் முழுமையான செய்தியே. கடைசியாகப் பார்த்த நாளைக் கணக்கிட, பார்க்காத நாளும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அரிய பறவை என்று ஒருவர் எழுதினால் மூக்கு, கால், நெற்றி, பறக்கும்போது இறக்கையில் தெரிந்த கோடு, குரல் ஆகியவற்றுள் எதை வைத்து அப்படி முடிவு செய்தார் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். வேறு நாட்டில் எடுத்த படத்தை நம் ஏரியில் எடுத்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது பெருகியிருக்கும் இக்காலத்தில், எழுதியவரிடம் இரண்டு கேள்வி கேட்டுத் தெளிந்த பிறகு அச்சிடும் நாளிதழுக்கு உள்ள மதிப்பை வேறெதுவும் பெற முடியாது.

வெளியிடக் கூடாதவையும் உண்டு. இதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். கூடுள்ள இடத்தையும், ஆந்தை பகலில் தங்கும் மரத்தையும், அரிய பறவை நிற்கும் மிகச் சரியான இடத்தையும் அச்சில் கொண்டுவரவே கூடாது. வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது போதும். வலை கட்டுபவர்களும் கண்ணி வைப்பவர்களும் செய்தித்தாள் படிப்பவர்களே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருந்தாலும், பறவையை உயிரோடு விற்பதும் கறிக்கு விற்பதும் நம் பகுதியில் முற்றாக நின்றுவிடவில்லை. படம் எடுப்பவர்களின் கூட்டமும் கேடு செய்யும். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுத்துச் சென்றபின், வெயிலும் காகமும் சேர்ந்து அக்கூட்டை அழித்ததை நேரில் கண்டு மனம் வெதும்பியிருக்கிறேன். கைப்பேசியில் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு ஆறுமணிக்குருவியைப் புதரிலிருந்து வெளியே வரச் செய்வதும் தவறு. நெடும்பயணத்துக்கு ஆயத்தமாகும் பறவையை எதிரி வந்துவிட்டதாக நம்பவைத்து அலைக்கழிப்பது அது. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும், பறவை பார்ப்போர் தாம் கண்டவற்றை இணையத்தில் பதியும் இ-பேர்டு பதிவகத்திலும், வேட்டைக்கு இலக்காகும் இனங்களின் இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைத்தே வைத்திருக்கிறார்கள். ஐயத்துக்குரிய பதிவுகளைத் தன்னார்வலர்கள் சரிபார்க்கிறார்கள். அவ்விரு நெறிகளையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கெடுப்புகள் நடக்கின்றனவே, பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பது. தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரிக்குரியது. பிப்ரவரி நடுவில் நான்கு நாள், மே மாதத்தில் ஒரு நாள் என்று உலகளாவிய கணக்கெடுப்புகள் உண்டு. நம் கரையோரப் பறவைகள் நிறம் மாறிக் கிளம்பும் பங்குனியும் சித்திரையும் இவற்றின் நடுவே விடுபட்டுப்போகின்றன. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வந்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமைப் பாதுகாப்பு வேண்டும் என்றது. வடக்கிலிருந்து வரும் கரையோரப் பறவைகள் வெகுவாகக் குறைந்துவருவதையும், குயில் பெருகிவருவதையும் அது காட்டியது. அத்தனையும் 30,000-க்கும் மேற்பட்ட பறவை பார்ப்போர் எழுதி வைத்த பதிவுகளிலிருந்து பெற்றவை. அப்பதிவுகளில் கடலூர், புதுச்சேரி இளவேனிலின் பங்கு பெருகவேண்டும் என்பதே என் விருப்பம்.

நம் வட்டாரத்துக்கு மற்றொரு சிக்கல் உண்டு. ஊசுட்டேரி பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக்கியது, தமிழ்நாட்டுப் பகுதி அதன்பின் அறிவிக்கப்பட்டது. பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. 2021-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி விழுப்புரம் மாவட்டம். உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பிச்சாவரம் கடலூர் மாவட்டம். கழுவேலியில் காலையில் இரை தேடிய மூக்கன் கூட்டம் மாலையில் தெற்கே வேறொரு நீர்நிலையில் இறங்கலாம். ஆகவே மாவட்டப் பதிப்புவாரியாகப் பிரிக்காமல், மரக்காணம் முதல் கொள்ளிடக்கரை வரை ஒரே பகுதியாகக் கொண்டு, கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பதிப்புகள் அனைத்திலும் ஒரே குறிப்பை வெளியிட வேண்டுகிறேன். பெருமாள் ஏரி, வீராணம் ஏரி, வெலிங்டன் ஏரி ஆகியவற்றின் கரையூர்களிலிருந்து எழுதுகிறவர்களுக்கு முன்னிடம் தரவேண்டும். ஊசுட்டேரியைப் பார்க்கும் கண்கள் ஏற்கெனவே நிறைய உள்ளன, அவ்வூர்களில் குறைவு.

தங்களால் இயலுமானால் வரும் மாசியிலேயே இதைத் தொடங்கலாம். வெள்ளிக்கிழமைப் பதிப்பு எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது; சனி, ஞாயிறுகளில் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும். வாரத்துக்குக் கால் பத்தி போதும். அரசுப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் தம் பள்ளி வளாக மரங்களில் கண்டவற்றை அனுப்பினால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐயமுள்ள பெயர்களைச் சரிபார்த்துத் தர எங்கள் ஊரில் நாலைந்து பேர் ஊதியம் எதுவுமின்றி ஆயத்தமாக இருக்கிறோம். தாங்கள் இசைந்தால், குறிப்பு எழுதுவதற்கான மாதிரிப் படிவம் ஒன்றையும், இப்பகுதியில் மாசி முதல் வைகாசி வரை காணக்கூடிய பறவைகளின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலையும் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.